உலோக உள்ளுறை கொண்ட கூட்டுப்பொருள் குழாய்களில் தகைவையும் தொடு அழுத்தத்தையும் கணக்கிடும் முறை

தீயணைப்பு வீரர்கள் முதுகில் சுமக்கும் 300 பார் சுவாசக் காற்று உருளைகள், வாகனங்களில் பொருத்தப்படும் இயற்கை எரிவாயு உருளைகளில் ஒரு வகை, ராக்கெட்டுகளின் ஹீலியம் கலன்கள் ஆகிய மூன்றும் ஒரே கட்டமைப்பைக் கொண்டவை. உள்ளே வாயு கசியாமல் காக்கும் மெல்லிய உலோக உள்ளுறை இருக்கிறது. அதன்மேல் பிசினில் தோய்த்த கார்பன் இழையைச் சுற்றி உருவாக்கிய மேலுறை இருக்கிறது. உள்ளழுத்தத்தை இவ்விரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. உள்ளுறையின் வெளிப்பரப்பும் மேலுறையின் உட்பரப்பும் ஒன்றையொன்று அழுத்தும் அளவே தொடு அழுத்தம். மேலுறைக்குச் சுற்றுத்திசைச் சுமை போய்ச்சேரும் வழி இது ஒன்றுதான் என்பதால், இதன் மதிப்பு தெரிந்துவிட்டால் இரு அடுக்குகளின் சுற்றுத்திசைத் தகைவும் (குழாயைச் சுற்றிவரும் திசையில் ஒரு சதுர மி.மீ. பரப்பு தாங்கும் விசை) உடனே கிடைத்துவிடும்.

பெரும்பாலான கணக்குகள் வேலை அழுத்தத்தில் இந்த மதிப்பு என்ன என்று மட்டும் கண்டுபிடித்துவிட்டு நின்றுவிடுகின்றன. அது போதாது என்பதே என் உறுதியான கருத்து. தொடு அழுத்தம் குழாயின் வரலாற்றோடு மாறுகிறது. பிசின் கெட்டியாகிக் குளிர்ந்தபோது அது ஒரு மதிப்பாகவும், முதல் அழுத்தச் சோதனைக்குப் பிறகு வேறொன்றாகவும், வெறுமையாகக் குளிரில் கிடக்கும்போது மற்றொன்றாகவும் இருக்கும். ஆகவே இங்கே ஒரே குழாயை எடுத்துக்கொண்டு, இந்த நிலைகள் ஒவ்வொன்றிலும் கணக்கை எப்படிச் செய்வது என்று காட்டுகிறேன். எல்லாவற்றையும் கையால் செய்யலாம். இரண்டு மாறிகள் கொண்ட இரண்டு சமன்பாடுகளைத் தீர்க்கத் தெரிந்தால் போதும்.

எடுத்துக்காட்டுக் குழாய்

உள்ளுறை 6061-டி6 அலுமினியக் கலவையால் ஆனது. அதன் உள் ஆரம் 50 மி.மீ., தடிமன் 3 மி.மீ. எனவே இரு அடுக்குகளும் தொடும் ஆரம் 53 மி.மீ. மேலுறையின் தடிமன் 6 மி.மீ., வெளி ஆரம் 59 மி.மீ. வேலை அழுத்தம் 30 மெகாபாஸ்கல், அதாவது 300 பார். குழாயின் இரு முனைகளும் மூடப்பட்டவை, ஆகவே அச்சுத்திசையிலும் இழுவிசை உண்டு.

அலுமினியத்தின் யங் குணகம், அதாவது நீட்சிக்கு எதிராக அது காட்டும் விறைப்பு, 69 ஜிகாபாஸ்கல். ஒரு திசையில் நீளும்போது குறுக்கே சுருங்கும் பங்கான பாய்சான் விகிதம் 0.33. உலோகம் திரும்பி வராதபடி நிலையாக நீளத் தொடங்கும் ஈல்டு தகைவு 276 மெகாபாஸ்கல். வெப்ப விரிவுக் குணகம் ஒரு டிகிரிக்கு ஒரு மில்லியனில் 23.6 பங்கு.

மேலுறைக்கு டி700 வகைக் கார்பன் இழையையும் எப்பாக்சிப் பிசினையும் கொள்வோம். இழைத்திசைக் குணகம் 135 ஜிகாபாஸ்கல், குறுக்குத்திசைக் குணகம் 9, நறுக்குக் குணகம் 5, பெரிய பாய்சான் விகிதம் 0.3 என எடுத்துக்கொள்கிறேன். இவை இத்தகைய பொருளுக்கு நியாயமான மதிப்புகள். உங்கள் குழாய்க்கு உங்கள் இழையையும் பிசின் அளவையும் கொண்டு சோதித்த மதிப்புகளையே இட வேண்டும். இழை குழாயின் அச்சுக்குக் கூட்டல் கழித்தல் 55 டிகிரியில் சுற்றப்பட்டுள்ளது. மூடிய முனைக் குழாயில் சுற்றுத்திசைச் சுமை அச்சுத்திசைச் சுமையைப்போல் இரு மடங்கு என்பதால், இழை மட்டுமே சுமை தாங்குவதாகக் கொண்டால் பொருத்தமான கோணம் 54.7 டிகிரி என்று வரும். 55 டிகிரி இவ்வளவு பரவலாக இருப்பதன் காரணம் அதுவே.

கோணத்தைக் குறிக்கும்போது கவனம் தேவை. சிலர் அச்சிலிருந்து அளப்பார்கள், சிலர் சுற்றுத்திசையிலிருந்து அளப்பார்கள். மென்பொருளில் இது மாறிப்போனால் 55 என்பது 35 ஆகிவிடும். விடை தவறாகவே இருந்தாலும் பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றும்.

முதற்படி: விசைச் சமநிலை

குழாயைப் பாதியாக வெட்டியதாகக் கருதினால் சுற்றுத்திசைச் சமநிலை நேரடியாகக் கிடைக்கும்.

உள்ளுறைத் தகைவு × உள்ளுறைத் தடிமன் = உள்ளழுத்தம் × உள் ஆரம் − தொடு அழுத்தம் × தொடும் ஆரம்

மேலுறைத் தகைவு × மேலுறைத் தடிமன் = தொடு அழுத்தம் × தொடும் ஆரம்

இங்கே தகைவு என்பது தடிமன் முழுவதற்குமான சராசரி. அந்தப் பொருளில் இவ்விரு சமன்பாடுகளும் தோராயம் அல்ல, துல்லியமானவை. பொருள் மீட்சியில் (சுமை நீங்கினால் பழைய அளவுக்குத் திரும்பும் நிலையில்) இருந்தாலும் ஈல்டு ஆகியிருந்தாலும் பொருந்தும். எந்தக் கணினிப் பகுப்பாய்வின் விடையையும் இவற்றில் இட்டுச் சரிபார்க்கலாம் என்பதற்காகவே இவற்றை முதலில் வைத்தேன். இரண்டையும் கூட்டினால் நம் குழாய்க்கு 3 × உள்ளுறைத் தகைவு + 6 × மேலுறைத் தகைவு = 1500 என்று வருகிறது, அலகு ஒரு மி.மீ. நீளத்துக்கு நியூட்டன்.

அச்சுத்திசையில், மூடிய முனையை வாயு தள்ளும் விசையை இரு அடுக்குகளின் வெட்டுப்பரப்புகளும் சேர்ந்து தாங்குகின்றன. ஒவ்வோர் அடுக்கின் சராசரி ஆரத்தையும் (51.5, 56) தடிமனால் பெருக்கி எழுதினால், 154.5 × உள்ளுறை அச்சுத் தகைவு + 336 × மேலுறை அச்சுத் தகைவு = 37,500.

இரண்டாம் படி: விறைப்பு

நான்கு தகைவுகள் தெரியாதவை, சமன்பாடுகளோ இரண்டுதான். மீதியைத் தருவது, இரு அடுக்குகளும் ஒட்டியிருக்கும்வரை அவை சுற்றுத்திசையிலும் அச்சுத்திசையிலும் நீளும் விகிதம், அதாவது சுற்றுத்திரிபும் அச்சுத்திரிபும், ஒன்றே என்னும் நிபந்தனை.

அலுமினியத்துக்கு யங் குணகத்தை (1 − பாய்சான் விகிதத்தின் வர்க்கம்) ஆல் வகுத்தால் தன் திசை விறைப்பு 77.4 ஜிகாபாஸ்கல், அதைப் பாய்சான் விகிதத்தால் பெருக்கினால், ஒரு திசைத் திரிபு மறு திசையில் எழுப்பும் தகைவைக் காட்டும் இணைப்பு விறைப்பு 25.6. மேலுறைக்கு, இழைத்திசை விறைப்புகளை 55 டிகிரி சுழற்றும் வழக்கமான அடுக்குக் கோட்பாட்டைப் பயன்படுத்தினால் சுற்றுத்திசை விறைப்பு 67.7, அச்சுத்திசை விறைப்பு 24.4, இணைப்பு விறைப்பு 29.1 ஜிகாபாஸ்கல் என்று வருகின்றன.

இந்த இணைப்பு விறைப்பு அச்சுத்திசை விறைப்பைவிடப் பெரியது என்பதைக் கவனியுங்கள். கோணத்தில் சுற்றிய குழாயின் தனித்தன்மை இதில்தான் இருக்கிறது. அச்சுத்திசையில் தாராளமாகச் சுருங்க விட்டால் மேலுறையின் சுற்றுத்திசைக் குணகம் வெறும் 33 ஜிகாபாஸ்கல். அச்சுத்திசையில் பிடித்துவைத்தால் 68. இரண்டில் எதைக் கணக்கில் இடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை பெரிதும் மாறும். மேலுறையின் பங்கை விரைவாக மதிப்பிட, ஒவ்வோர் அடுக்கின் குணகத்தையும் தடிமனால் பெருக்கி விகிதம் பார்ப்பது வழக்கம். 33 ஐ இட்டால் தொடு அழுத்தம் 13.8 மெகாபாஸ்கல் என்று வரும். அச்சுத்திரிபு பூச்சியம் என்று கொண்டு 67.7 ஐயும் 77.4 ஐயும் இட்டால் 18.0 வரும். தரவுத்தாளில் அச்சிட்டிருக்கும் சுற்றுத்திசைக் குணகம் பெரும்பாலும் தனியாகச் சோதித்த குழாயின் மதிப்பாக இருக்கும். அதை அப்படியே எடுத்து இட்டால் மேலுறையின் பங்கு குறைவாகவும் உள்ளுறையின் பங்கு மிகையாகவும் தெரியும்.

மூன்றாம் படி: தீர்வு

விறைப்புகளைச் சமநிலைச் சமன்பாடுகளில் இட்டு, திரிபை ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில் எழுதினால்:

638.7 × சுற்றுத்திரிபு + 251.1 × அச்சுத்திரிபு = 1500

13,718 × சுற்றுத்திரிபு + 20,158 × அச்சுத்திரிபு = 37,500

தீர்வு: சுற்றுத்திரிபு 2.21, அச்சுத்திரிபு 0.36. அச்சுத்திரிபு இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் பிடித்துவைத்த குணகம் சரியான விடையை ஒட்டி வந்தது. இந்தத் திரிபுகளிலிருந்து உள்ளுறையின் சுற்றுத் தகைவு 180 மெகாபாஸ்கல், அச்சுத் தகைவு 84. மேலுறையில் முறையே 160, 73. தொடு அழுத்தம் 160 × 6 ÷ 53 = 18.1 மெகாபாஸ்கல். உள்ளே இருக்கும் 30 மெகாபாஸ்கலில் 60 சதவீதம் மேலுறையைச் சென்றடைகிறது.

உள்ளுறை ஈல்டு ஆகுமா என்று பார்க்க ஆரத் தகைவையும் சேர்க்க வேண்டும். உட்பரப்பில் அது −30, வெளிப்பரப்பில் −18.1, சராசரி −24. மூன்று திசைத் தகைவுகளையும் ஈல்டு தகைவோடு ஒப்பிடத்தக்க ஒரே எண்ணாக்கும் வான் மீசஸ் சூத்திரத்தில் இட்டால் 177 மெகாபாஸ்கல் வருகிறது. ஈல்டு தகைவு 276 என்பதால், இதே விகிதத்தில் உயர்ந்தால் சுமார் 47 மெகாபாஸ்கல் உள்ளழுத்தம் வரை உள்ளுறை மீட்சியில் இருக்கும் என்று தோன்றும். கணக்கு இங்கே முடிந்துவிட்டதாகவும் தோன்றும். ஆனால் குழாய் எந்தத் தகைவும் இல்லாமல் பிறந்தது என்ற அனுமானம் இதற்குள் ஒளிந்திருக்கிறது.

நான்காம் படி: குளிர்தலைச் சேர்த்தல்

பிசின் 120 டிகிரி செல்சியஸில் கெட்டியாகிறது, பிறகு குழாய் 20 டிகிரிக்குக் குளிர்கிறது என்று கொள்வோம். இந்த 100 டிகிரி வீழ்ச்சியில் அலுமினியம் ஆயிரத்தில் 2.36 பங்கு சுருங்க விரும்புகிறது. கார்பன் இழை நீளவாக்கில் ஏறத்தாழ மாறுவதே இல்லை. பிசின் ஆதிக்கம் செலுத்தும் குறுக்குத்திசையில் மட்டும் ஒரு டிகிரிக்கு மில்லியனில் சுமார் 30 பங்கு மாறும். இவற்றை 55 டிகிரிக்குச் சுழற்றினால் மேலுறையின் விரிவுக் குணகம் அச்சுத்திசையில் சுமார் 12.4 என்றும், சுற்றுத்திசையில் −3.2 என்றும் வருகிறது. எதிர்மறைக் குறி பிழையல்ல. குளிரும்போது மேலுறை நீளத்தில் சுருங்குகிறது, கத்தரிக்கோல் போல் இழைகளின் கோணம் மாறுகிறது, விட்டமோ இம்மியளவு பெருக்கிறது.

ஆக, உள்ளுறை சுருங்குகிறது, மேலுறை விலகுகிறது. இரண்டும் ஒட்டாமல் தனித்தனியே இருந்தால், இடையில் உருவாகும் ஆரத்திசை இடைவெளி 53 மி.மீ. ஆரத்தில் சுமார் 0.14 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத இந்த இடைவெளிதான் பல குழாய்களின் முதல் அழுத்தச் சோதனையில் காணும் புதிரான வாசிப்புகளுக்குக் காரணம்.

இரண்டும் ஒட்டியிருப்பதாகக் கொண்டு மேலே உள்ள அதே இரு சமன்பாடுகளின் வலப்பக்கத்தில் அழுத்தத்துக்குப் பதிலாக வெப்ப விசைகளை இட்டுத் தீர்த்தால், தொடு அழுத்தம் −8.7 மெகாபாஸ்கல் என்று வருகிறது. எதிர்மறைத் தொடு அழுத்தம் என்றால், பிரியவிடாமல் பசை அந்த அளவுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று பொருள். உள்ளுறையில் சுற்றுத் தகைவு 153, அச்சுத் தகைவு 87 மெகாபாஸ்கல், இரண்டும் இழுதகைவுகள். ஒரு பார் காற்றுக்கூட உள்ளே செலுத்தாத நிலையில் இவ்வளவு இருக்கிறது.

இப்போது இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 30 மெகாபாஸ்கலில் உள்ளுறையின் சுற்றுத் தகைவு 180 அல்ல, 333. தொடு அழுத்தம் 18.1 அல்ல, 9.4. வான் மீசஸ் தகைவு 300 ஐத் தாண்டிவிடுகிறது. உள்ளுறை ஈல்டு ஆகத் தொடங்கும் அழுத்தம் 47 மெகாபாஸ்கலிலிருந்து சுமார் 25 க்கு இறங்கிவிடுகிறது, அதாவது வேலை அழுத்தத்துக்கும் கீழே. பசை பிடிக்காமல் இடைவெளி விழுந்திருந்தால், சுமார் 14 மெகாபாஸ்கல் வரை வாயுவின் சுற்றுத்திசைச் சுமை முழுவதையும் உள்ளுறை தனியாகவே தாங்கும். அதன் பிறகுதான் மேலுறை வேலைக்கு வரும்.

நடைமுறையில் இழையை இழுத்துப் பிடித்துச் சுற்றுவதால் ஒரு நேர்மறைத் தொடு அழுத்தம் முன்கூட்டியே கிடைக்கும், அது இந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். ஆனால் மேலே சுற்றும் ஒவ்வோர் அடுக்கும் கீழ் அடுக்குகளின் இழுவிசையைத் தளர்த்துகிறது. சூடாகும்போது பிசின் நீர்த்து இழைகள் உள்நோக்கி நகர்வதாலும் இழுவிசை குறைகிறது. ஆகவே சுற்றும் கருவியில் அமைத்த இழுவிசையை அப்படியே கணக்கில் வரவு வைப்பது சரியல்ல. அளந்து அறியாதவரை அதைப் பூச்சியம் என்று கொள்வதையே நான் பரிந்துரைக்கிறேன்.

ஐந்தாம் படி: ஆட்டோஃபிரெட்டேஜ்

உள்ளுறை எப்படியும் ஈல்டு ஆகப்போகிறது என்றால், அதைப் பயன்பாட்டுக்கு முன்பே, நம் கட்டுப்பாட்டில் ஈல்டு ஆக வைப்பதே ஆட்டோஃபிரெட்டேஜ். வேலை அழுத்தத்தைவிட உயர்ந்த ஓர் அழுத்தத்தை ஒருமுறை செலுத்தி, உள்ளுறையை நிலையாக நீளச் செய்து, பிறகு அழுத்தத்தை இறக்குகிறோம். மீட்சியில் இருக்கும் மேலுறை பழைய அளவுக்குத் திரும்பும்போது, நீண்டுவிட்ட உள்ளுறையை நெருக்கிப் பிடிக்கிறது.

60 மெகாபாஸ்கலில் இதைச் செய்வதாகக் கொள்வோம். முன் கணக்கின்படி ஈல்டு நிலையில் உள்ளுறையின் சுற்றுத் தகைவுக்கும் ஆரத் தகைவுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 318 மெகாபாஸ்கல். உலோகம் அதற்குமேல் வலுப்பெறாது என்று கொண்டு, இந்த வேறுபாட்டை நிலையாக வைத்து, முதற்படியின் சமநிலைச் சமன்பாட்டில் இட்டால் தொடு அழுத்தம் 41.5 மெகாபாஸ்கல், உள்ளுறையின் சுற்றுத் தகைவு 267, மேலுறையில் 367 என்று கிடைக்கின்றன. மேலுறையின் இழைத்திரிபு சுமார் 0.37 சதவீதம், டி700 இழை முறியும் திரிபு 2.1 சதவீதம் என்பதால் இழைக்கு ஆபத்தில்லை.

அழுத்தத்தை இறக்குவது மீட்சி நிகழ்வு. ஆகவே மூன்றாம் படியின் விடையை இரட்டித்துக் கழித்தால் போதும். 60 மெகாபாஸ்கலுக்கு மீட்சித் தொடு அழுத்தம் 36.2, எனவே எஞ்சுவது 5.3 மெகாபாஸ்கல். உள்ளுறையில் எஞ்சும் சுற்றுத் தகைவு சுமார் −93, அதாவது அமுக்கத் தகைவு.

இதன் பயனைப் பாருங்கள். இனி 30 மெகாபாஸ்கலில் உள்ளுறையின் சுற்றுத் தகைவு 180 − 93 = 87, தொடு அழுத்தம் 23.4. ஒவ்வொரு முறை நிரப்பிக் காலி செய்யும்போதும் தகைவு −93 க்கும் 87 க்கும் இடையே ஊசலாடுகிறது. ஊசலின் அகலம் மாறவில்லை, 180 தான். ஆனால் அதன் நடுப்புள்ளி ஏறத்தாழப் பூச்சியத்துக்கு வந்துவிட்டது, இது அலுமினியத்தின் சோர்வு ஆயுளை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையில் விரிசல் விடாமல் தாங்கும் காலத்தை, பெரிதும் கூட்டும். இன்னொரு நன்மையும் உண்டு. 60 மெகாபாஸ்கலில் தகைவை நிர்ணயிப்பது ஈல்டு நிபந்தனைதான், குளிர்தலின் வரலாறு அல்ல. ஆகவே நான்காம் படியின் −8.7 என்ற கடன் இந்தப் படியில் ஏறத்தாழ அழிந்துபோகிறது.

இந்தப் படியில் செய்தது சுற்றுத்திசைக்கு மட்டுமான மதிப்பீடு. அச்சுத்திசையிலும் எஞ்சிய தகைவு உண்டு, அலுமினியமும் கொஞ்சம் வலுப்பெறும். ஆட்டோஃபிரெட்டேஜ் அழுத்தத்தைத் தேர்ந்தெடுக்க இது போதும். அதை இறுதி செய்ய, உள்ளுறைப் பொருளின் உண்மையான தகைவு-திரிபு வளைவை இட்டுக் கணினியில் செய்ய வேண்டும்.

ஆறாம் படி: வெறுமையான குழாய்

அழுத்தம் கூடினால் ஆபத்து கூடும் என்ற எண்ணத்தில் வெறுமையான நிலையைப் பலரும் கணக்கிடுவதில்லை. உள்ளுறையைப் பொறுத்தவரை அந்த நிலையில்தான் இரண்டு தனி ஆபத்துகள் உள்ளன.

முதலாவது, உள்ளே மடிதல். பொறியாளர்கள் பக்ளிங் என்று சொல்வது. வெளியிலிருந்து 5.3 மெகாபாஸ்கல் நெருக்கும் மெல்லிய குழாய் அது. மேலுறை இல்லாத தனிக் குழாயாக இருந்தால் அது மடியும் அழுத்தம், தன் திசை விறைப்பில் நான்கில் ஒரு பங்கை, தடிமனுக்கும் சராசரி ஆரத்துக்கும் உள்ள விகிதத்தின் கனத்தால் பெருக்கக் கிடைப்பது. நம் உள்ளுறைக்கு அது 3.8 மெகாபாஸ்கல்தான். அப்படியானால் அது ஏற்கெனவே மடிந்திருக்க வேண்டுமே? மடியாததற்குக் காரணம், சுற்றிலும் ஒட்டிநிற்கும் மேலுறை அதை வெளிநோக்கிப் பிதுங்க விடுவதில்லை. வெளிப்பக்கம் முழுவதும் விறைப்பான சுவர் நெருங்கிப் பிடிக்கும் குழாய்க்கு 1977 இல் குளொக் என்னும் ஆய்வாளர் தந்த சூத்திரப்படி, விறைப்பை தடிமன்-விட்டம் விகிதத்தின் 2.2 அடுக்கால் பெருக்கினால் சுமார் 32 மெகாபாஸ்கல் வருகிறது. வெளியிலிருந்து திரவம் அழுத்தும் நிலைக்காக எழுதப்பட்ட சூத்திரம் அது. இங்கே அதை ஓர் அளவுகோலாக மட்டும் கொள்க.

நம் 5.3 இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில் இருக்கிறது. நெருக்கம் குறையாதவரை பாதுகாப்பு தாராளம். எங்கேனும் ஓரிடத்தில் பசை விட்டு, சுற்றும்போது சிக்கிய காற்றுக்குமிழோ உள்ளுறையின் பற்றவைப்பு மேடோ இடைவெளியை உண்டாக்கியிருந்தால், அந்த இடம் 32 இலிருந்து 3.8 ஐ நோக்கி இறங்கும். எனவே ஆட்டோஃபிரெட்டேஜ் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது நல்லதல்ல. எஞ்சிய தொடு அழுத்தம் சோர்வு ஆயுளுக்கு நண்பன், மடிதலுக்குப் பகைவன். என் தேர்வு, தனிக்குழாய் எல்லையைச் சற்றே தாண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்வது. அதற்குமேல் போக வேண்டுமென்றால் உள்ளுறையைத் தடித்ததாக்க வேண்டும். 3 மி.மீ. என்பதை 4 ஆக்கினால், கனத்தின் விதிப்படி தனிக்குழாய் எல்லை இரு மடங்குக்கும் மேல் உயரும்.

இரண்டாவது ஆபத்து, குளிர். நான்காம் படியில் 100 டிகிரி வீழ்ச்சி 8.7 மெகாபாஸ்கலைத் தின்றது. அதே விகிதத்தில் 20 டிகிரியிலிருந்து −40 டிகிரிக்குப் போனால் 5.2 போய்விடும். எஞ்சியிருந்த 5.3 இல் மீதி ஒன்றுமில்லை. வாகன எரிவாயு உருளைகளுக்கான ஐஎஸ்ஓ 11439 தரம் −40 டிகிரியைக் கீழ் எல்லையாக வைத்திருக்கிறது என்பதை நினைவில் கொண்டால், இது ஏட்டுக் கணக்கு அல்ல என்பது விளங்கும். மறுபுறம், 65 டிகிரிக்குச் சூடாகி வெறுமையாகக் கிடந்தால் தொடு அழுத்தம் 9.2 ஆக உயரும். மடிதலைச் சரிபார்க்க வேண்டிய நிலை அதுவே. ஆகவே குளிர்ந்த வெறுமைக்குப் பிரிதலையும் சூடான வெறுமைக்கு மடிதலையும் தனித்தனியே பாருங்கள்.

உள்ளுறைக்கும் மேலுறைக்கும் இடையிலான இடைவெளி எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு 2016 செப்டம்பர் 1 அன்று கேப் கனாவெரலில் நடந்த விபத்து சான்று. ஏமோஸ்-6 செயற்கைக்கோளைச் சுமந்த ஃபால்கன் 9 ராக்கெட், எஞ்சின் சோதனைக்காக எரிபொருள் நிரப்பப்படும்போதே ஏவுதளத்தில் வெடித்தது. அதன் இரண்டாம் கட்டத்தில், மீக்குளிர் திரவ ஆக்சிஜனில் மூழ்கியிருந்த ஹீலியம் கலன்கள் அலுமினிய உள்ளுறையும் கார்பன் மேலுறையும் கொண்டவை. உள்ளுறையில் மடிப்புகள் இருந்ததும், மேலுறைக்கு அடியில் அந்த மடிப்புகளில் ஆக்சிஜன் தேங்கியதும், கலன் அழுத்தமேறும்போது சிக்கிக்கொண்ட ஆக்சிஜன் இழை முறிவாலோ உராய்வாலோ பற்றியிருக்கக்கூடும் என்பதும் 2017 ஜனவரியில் ஸ்பேஸ்எக்ஸ் வெளியிட்ட முடிவு. ஏற்றிய ஹீலியம் ஆக்சிஜனை உறையவைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது நிலைமையை மோசமாக்கியது என்றும் அது கூறியது.

தடித்த சுவர்த் திருத்தம்

மேலே கண்டவை சராசரித் தகைவுகள். மேலுறைக்குள் தகைவு ஒரே சீராக இருப்பதில்லை, தொடும் பரப்பில் கூடுதலாகவும் வெளிப்பரப்பில் குறைவாகவும் இருக்கும். திசைக்குத் திசை விறைப்பு மாறும் பொருளுக்கான தடித்த உருளைச் சூத்திரத்தில், 30 மெகாபாஸ்கல் மீட்சி நிலையின் 18.1 ஐ இட்டால் உட்புறம் சுமார் 170, வெளிப்புறம் சுமார் 150 மெகாபாஸ்கல் வருகிறது, சராசரி 160. சுமார் ஆறு சதவீத வேறுபாடு இந்தத் தடிமனுக்குப் பொறுத்துக்கொள்ளத்தக்கது. மேலுறைத் தடிமன் ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் சராசரிக் கணக்கை நம்பாதீர்கள்.

கணினியில் செய்யும்போது

சுமைப் படிகளை வரலாற்று வரிசையிலேயே அமையுங்கள்: குளிர்தல், ஆட்டோஃபிரெட்டேஜ், இறக்கம், குளிர்ந்த வெறுமை, சூடான வெறுமை, வேலை அழுத்தம். தொடும் பரப்பை நிரந்தரமாக ஒட்டியதாகக் கொண்டால் மென்பொருள் எதிர்மறைத் தொடு அழுத்தத்தை எந்த எச்சரிக்கையும் இன்றித் தரும். பிரிய அனுமதித்தால் இடைவெளியைத் தரும். இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது, உண்மை அவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும். பரப்புகள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவும் ஆழத்தையும் பாருங்கள். இங்கே நாம் பேசும் இடைவெளி 0.14 மி.மீ. என்பதால், மென்பொருள் 0.01 மி.மீ. ஊடுருவலை அனுமதித்தாலே விடை பல சதவீதம் பிசகும். முடிவில், தொடு அழுத்தம் × 53 என்பது மேலுறையின் சராசரித் தகைவு × 6 க்குச் சமமாக வருகிறதா என்று கையால் பெருக்கிப் பாருங்கள். குழாயின் நடுப்பகுதியில் அது ஒரு சதவீதத்துக்குள் ஒத்துவராவிட்டால், வண்ணப் படங்களைப் பார்ப்பதற்குமுன், மாதிரியைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் கண்ணிகளையும் தொடுநிலை அமைப்பையும் சரிசெய்ய வேண்டும். முனை வளைவுக்கு அருகில் இந்தச் சமநிலை பொருந்தாது.

கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். அதைத் தடுக்க இடையில் ஒரு மெல்லிய கண்ணாடி இழை அடுக்கைச் சுற்றுவார்கள். மாதிரியில் அதையும் தனி அடுக்காகச் சேருங்கள்.

அளந்து சரிபார்த்தல்

தொடு அழுத்தத்தை நேரடியாக அளக்க எளிய வழியில்லை, வெளிப்பரப்பில் ஒட்டிய திரிபுமானிகளின் வழியாகவே அதை உணர முடியும். சோதனையை எப்போதும் நீரால் செய்யுங்கள், வாயுவால் அல்ல. அழுத்திய வாயுவில் சேரும் ஆற்றல் உயிரைப் பறிக்கக்கூடியது. குழாயின் நடுப்பகுதியில் சுற்றுத்திசைக்கு ஒன்றும் அச்சுத்திசைக்கு ஒன்றுமாக, சுற்றளவில் குறைந்தது மூன்று இடங்களில் மானிகளை ஒட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஒட்டினால், ஒரு பக்கமாக விழுந்த இடைவெளியைத் தவறவிட நேரும்.

முதல் அழுத்தமேற்றத்தின் வரைகோட்டில் இரண்டு திருப்பங்களைத் தேடுங்கள். உள்ளுறை பிரிந்திருந்தால், தொடக்கத்தில் சுற்றுத்திரிபு ஏறாது. முனைப் பொருத்திகளின் வழியே மேலுறை நீளவாக்கில் இழுபடுவதால் அது சற்றே எதிர்மறைக்குப் போகவும் கூடும். நம் குழாயில் சுமார் 14 மெகாபாஸ்கலில் கோடு திரும்பி மேலேறத் தொடங்கும். அந்தத் திருப்பத்தின் அழுத்தத்தை 0.6 ஆல் பெருக்கினால் இழந்த தொடு அழுத்தம் கிடைக்கும். தொட்ட பிறகு கோட்டின் சரிவு ஒரு மெகாபாஸ்கலுக்குச் சுமார் 65 மைக்ரோதிரிபாக (நீளத்தில் மில்லியனில் 65 பங்கு) இருக்க வேண்டும். உள்ளுறை ஈல்டு ஆகும் இடத்தில் இரண்டாவது திருப்பம் வரும். அங்கிருந்து சரிவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். ஆட்டோஃபிரெட்டேஜ் அழுத்தத்திலிருந்து இறங்கும்போது கோடு பழைய வழியில் திரும்பாமல் 65 என்ற சரிவில் நேராக இறங்கும். அடுத்த முறை ஏற்றும்போது அதே நேர்கோட்டில் ஏறினால் எஞ்சிய தொடு அழுத்தம் நேர்மறையாக இருக்கிறது. அடியில் மறுபடியும் ஒரு வளைவு தென்பட்டால், வெறுமையான நிலையில் உள்ளுறை எங்கோ விலகியிருக்கிறது, அந்தக் குழாயைப் பயன்பாட்டுக்கு அனுப்பக்கூடாது.